சைக்கிள் ஸ்டாண்டில் முதல் மணி

அந்தக் கேள்வியை நான் எழுதியது ரயிலில். திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போகும் காலை மின்ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் அரக்கோணம் வரைக்கும் யாரும் இடிக்க மாட்டார்கள். அதற்குள் மடிக்கணினியைத் திறந்து ஒரு பக்கமாவது முடித்துவிடுவேன். அப்போது வேலை கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நாட்டிலுள்ள கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் தர அங்கீகாரம் கொடுப்பதற்குப் புதிய அளவுகோல்கள் எழுதுகிறார்கள், அதற்கான குழுக்களில் ஒன்று சென்னையில் உட்கார்ந்திருக்கிறது, அந்தக் குழுவுக்கு ஓடியாட ஓர் உதவியாளர் வேண்டும் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். நேர்காணலில் 'ஏன் இந்த வேலை?' என்று கேட்டார்கள். நான் பதில் சொன்ன வேகத்தைப் பார்த்து எதிரே இருந்தவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். வேலை கிடைத்துவிட்டது.

எங்கள் குழுவின் பங்குக்கு வந்தது 'கற்பித்தலும் கற்றலும்' என்ற அத்தியாயம். தலைவர் ஒரு முன்னாள் துணைவேந்தர். எல்லோரும் மேடம் என்றோம். நாங்கள் எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் பென்சிலால் 'எப்படி அளப்பது?' என்று எழுதித் திருப்பித் தருவார். அவர் மேசையிலிருந்து பென்சில் படாமல் திரும்பிய தாள் எதையும் அதுவரை நான் பார்த்ததில்லை. என்னுடைய அந்தக் கேள்விதான் முதன்முதலாக அப்படித் திரும்பியது.

கேள்வி இதுதான்: 'தன்னிடம் வரும் மாணவர்களின் வாழ்க்கைச் சூழலைப் பார்த்து, வெளியிலிருந்து யாரும் சொல்லாமல் கல்லூரி தானாகவே ஏற்படுத்திக்கொண்ட கற்பித்தல் முறை ஏதேனும் உண்டா? உண்டெனில் அதற்கான சான்று என்ன?'

நாடு முழுக்கப் பொருந்தும்படி எழுதியதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். நான் எழுதியது ஒரே ஓர் இடத்தை மனத்தில் வைத்து. திருத்தணிக்கும் கனகம்மாசத்திரத்துக்கும் நடுவே, பெருஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் ஒரு சின்னக் கல்லூரி இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் தகரக் கூரை போட்ட சைக்கிள் ஸ்டாண்டு. அதுதான் அந்த இடம்.

என் அக்கா புருஷன், நான் பாவா என்று கூப்பிடுகிறவர், அங்கே வணிகவியலில் தற்காலிக விரிவுரையாளர். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆணையைப் புதுப்பித்துக் கொடுப்பார்கள், கொடுக்கும்வரை அக்கா முருகனிடம் தனியாகப் பேச்சுவார்த்தை நடத்துவாள். கல்லூரியில் முதல் வகுப்பு ஒன்பது மணிக்கு. ஆனால் ஆந்திர எல்லைக்கு அந்தப்புறம் நகரி பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகள் திருத்தணியில் இறங்கி வேறு பஸ் பிடித்து வந்து சேரப் பத்துக்கு மேல் ஆகிவிடும். கே.ஜி.கண்டிகை பக்கத்துப் பெண்கள் சிலர் விடியற்காலையில் பிறர் தோட்டத்தில் மல்லி பறித்துக் கொடுத்துவிட்டு, குளித்து, அதன் பிறகு வருகிறவர்கள். அவர்களுக்கும் முதல் மணி கிடைக்காது. பாவாவின் பாடம் பெரும்பாலும் முதல் மணியில்தான். பாதி பெஞ்சு காலியாக இருக்கும் அறையில் பேசிப் பேசி அலுத்துப்போயிருந்த ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நகரிப் பையன் ஒருவன் வந்து, "சார், காலைல சொன்னத ரெண்டாந்தபா சொல்றீங்களா?" என்று கேட்டிருக்கிறான். பாவா டிபன் பாக்ஸை மூடிவிட்டு, நின்ற இடத்திலேயே, சைக்கிள்களுக்கு நடுவே சொல்லிக் கொடுத்தார்.

அதிலிருந்து அது தினப்படி வழக்கமாகிவிட்டது. பெயரே ரெண்டாந்தபா, அதாவது இரண்டாம் தடவை. உடைந்த கால் கொண்ட ஒரு கரும்பலகை சுவரில் சாய்ந்திருக்கும். பிள்ளைகள் சைக்கிள் கேரியர்களிலும் தரையிலும் உட்கார்ந்திருப்பார்கள். பாவா பாதி தமிழும் பாதி தெலுங்குமாக நடத்துவார். புரிந்ததா என்று கேட்க "அர்த்தமய்யிந்தா?" என்றால், "அய்யிந்தி சார்" என்று தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்து கத்தும். சனிக்கிழமைகளில் அக்கா கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் நானும் ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். முன்வரிசையில் எப்போதும் ஒரு கண்டிகைப் பெண் இருப்பாள். கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள். மொட்டுக் கிள்ளிக் கிள்ளி நகக்கண்ணெல்லாம் பச்சையேறிக் கறுத்திருக்கும். பேனாவைப் பிடிக்கும்போது அது தெரியும். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள்.

கேள்வி ஏற்கப்பட்ட அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம், அக்கா வீட்டுக்கு வரைவை எடுத்துக்கொண்டு போனேன். பாவா சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பாப்பா, கவர்மெண்ட்ட நீதான் நடத்திகினு இருக்கியாமே. உங்கக்கா சொல்றா."

"கவர்மெண்ட் இல்ல பாவா. காலேஜுங்களுக்கு அளவுகோல் எழுதறோம்."

"அளவுகோலா? எங்க வாத்தியார் அத்த வெச்சி வெரல் முட்டில அடிப்பாரு. அளந்து பாத்ததே இல்ல."

"ஒரு கேள்வி படிக்கிறேன். கம்முனு கேளுங்க."

படித்தேன். பாவாவின் கை தட்டிலேயே நின்றது. "இன்னொரு தபா படி," என்றார். படித்தேன்.

"மெய்யாலுமே நம்ம சைக்கிள் ஸ்டாண்டா இது?"

"வேற எது?"

"இது டில்லி வரைக்கும் போவுதா?"

"காஷ்மீர் வரைக்கும் போவுது."

அக்கா ரசத்தோடு வந்தாள். "காஷ்மீர் அப்பால போவட்டும். ரசம் ஆறுது."

பாவா சிரித்துக்கொண்டே பிசைந்தார். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "பாப்பா, கடைசியில 'சான்று'ன்னு ஒன்னு படிச்சியே. இன்னாத்த காட்டணும் அதுக்கு?"

"கால அட்டவணை, வருகைப் பதிவேடு, அந்த மாதிரி."

"அட்டவணைல ரெண்டாந்தபா கெடையாது."

"சரி, வருகைப் பதிவேடு."

"அது ஒம்போது மணிக்கு போட்டுகினு இருக்கேன்," என்றார் பாவா, தட்டைப் பார்த்தபடி.

எனக்கும் தெரிந்த விஷயம்தான். கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். மதியம் சைக்கிள் ஸ்டாண்டில் உட்காருகிற பிள்ளைகளுக்குக் காலை முதல் மணிக்கு வந்ததாக பாவா குறி போட்டுவிடுவார். போடாவிட்டால் வருகை குறைந்து அவர்கள் தேர்வே எழுத முடியாது. பாடத்தை முழுசாகக் கேட்டவனுக்கு 'வரவில்லை' என்று எப்படிப் போடுவது என்பது அவர் கட்சி. முதல்வருக்கும் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். மதியத்தில் அவர் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் வருவதே இல்லை. அது அவருடைய மரியாதை. ஆனால் ரயிலில் உட்கார்ந்து நான் எழுதும்போது கண்ணுக்குள் வந்தது கரும்பலகையும் சைக்கிள் கேரியரும்தான். பதிவேடு வரவில்லை.

"வேற காலேஜுக்கு பிரயோசனப்படும் வுடு," என்றார் பாவா. "நமக்கு வேணாம்."

அங்கேதான் சிக்கல். வரைவை முடிவு செய்யும் முன் சில கல்லூரிகளில் அதை வைத்துச் சோதனை ஓட்டம் நடத்துவதாக இருந்தார்கள். நகரத்துக் கல்லூரி ஒன்று, பழைய பெரிய கல்லூரி ஒன்று, எல்லைப்புறத்துச் சின்னக் கல்லூரி ஒன்று. மூன்றாவதற்கு யாருக்கும் பெயர் தோன்றாமல் இருந்தபோது கையைத் தூக்கியது நான். பாவா அங்கே வேலை செய்கிறார் என்பதையும் மேடத்திடம் அப்போதே சொல்லியிருந்தேன். "நீ மதிப்பெண் போடப் போறதில்ல. குறிப்பெடுக்கத்தானே வர்ற? பரவாயில்ல," என்றிருந்தார். கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை மேடத்தின் அறைக்குப் போனேன். "அந்தக் கேள்வியில் 'சான்று' என்பதை எடுத்துவிட்டு, மாணவர்கள் சொன்னால் போதும் என்று வைக்கலாமா மேடம்?"

"ஏன்?"

"எழுதி வைக்க முடியாத நல்ல விஷயங்கள் இருக்கும் மேடம்."

"இருக்கும். அதுக்கு நாம மதிப்பெண் குடுத்தா, நாளைக்கு எழுதி வைக்க முடியாத நல்ல விஷயம் எல்லாக் காலேஜுலயும் இருக்கும்." பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அளக்க முடியலைன்னா அது அளவுகோல் இல்லம்மா. ஆசை."

அவர் சொன்னது சரி. அன்றும் சரி என்றே பட்டது, இன்றும் படுகிறது. அதற்கு எதிராக என்னிடம் இருந்தது பாவா மட்டும்தான். அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

கல்லூரிக்குப் போன கடிதத்தில், இது வெறும் சோதனை ஓட்டம், இதனால் கல்லூரிக்கு நன்மையோ தீமையோ கிடையாது என்று தெளிவாக எழுதியிருந்தோம். முதல்வர் அதை நம்பவில்லை. எங்கள் ஊரில் 'சும்மா பார்த்துவிட்டுப் போகிறோம்' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் பெண் பார்க்க வருகிறவர்கள்தான். அதற்கு என்ன செய்வார்களோ அதையெல்லாம் கல்லூரி செய்தது. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். வாசலில் கோலம் போட ஒரு குழு, மேளம் பேச ஒரு ஆள். சைக்கிள் ஸ்டாண்டுத் தூண்களுக்கு மஞ்சள் பெயிண்டு. கரும்பலகை சாமான் அறைக்குப் போனது.

முதல்வர் பாவாவைத் தனியாகக் கூப்பிட்டார். "அவங்க வந்துட்டு போறவரைக்கும் அந்த மதியானத்து சமாசாரம் வேணாம் சார். போனப்புறம் பாத்துக்கலாம்." அன்று பாவா வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் நடத்திக்கொண்டிருந்தார். நம் ரொக்க ஏட்டில் ஒரு மீதி இருக்கும், வங்கியின் பாஸ் புக்கில் வேறு ஒரு மீதி இருக்கும், இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்துச் சரிக்கட்டுகிற பாடம். பாதியில் நிறுத்திவிட்டார்.

வருகை நாளில் ஒருவர்கூடத் தாமதமாக வரக் கூடாது என்று ஏற்பாடு. நகரிப் பிள்ளைகளை முந்தின நாளே திருத்தணியில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கச் சொன்னார்கள். இடமில்லாதவர்களுக்கு முதல்வரே தன் செலவில் ஆட்டோ பேசினார். பூப்பறிக்கிற பெண்களை அன்றைக்கு மட்டும் பறிக்கப் போக வேண்டாம் என்றார்கள். குழுவோடு பேசுவதற்குத் தைரியமான பிள்ளைகளைப் பொறுக்கியதில் கண்டிகைப் பெண்ணும் இருந்தாள். பாவா இதைச் சொன்னபோது நான், "அவ உண்மைய சொல்லிட்டா?" என்று கேட்டேன்.

"அவளா? முதல்வரு ஒரு தபா சொன்னா போதும். காலேஜுன்னா உயிரு அவளுக்கு." சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "போனப்புறம் பாத்துக்கலாம்னாரு இல்ல," என்றார், எனக்குச் சொல்வதைவிடத் தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

மற்ற இரண்டு கல்லூரிகளையும் முடித்துவிட்டுக் குழு வந்தது. மேளம் அடித்தது. மேடம் சால்வையை வாங்கிக்கொள்ளவில்லை, மலைக்கோயில் விபூதியை மட்டும் எடுத்துக்கொண்டார். நான் பின்னால் நோட்டும் பேனாவுமாகப் போனேன். தெரிந்த முகங்களெல்லாம் என்னைத் தெரியாத மாதிரி வணக்கம் வைத்தன. நானும் அப்படியே வைத்தேன்.

முதல் மணி வகுப்புகளை எட்டிப் பார்த்தோம், ஒரு பெஞ்சுகூடக் காலியில்லை, அப்படியே குறித்துக்கொண்டேன். அடுத்து மாணவர்களோடு பேச்சு. ஆசிரியர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். மேடம் நன்றாகத்தான் பேசினார். யார் யார் எந்த ஊர், என்ன சாப்பிட்டீர்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, "ரொம்ப தூரத்திலேர்ந்து வர்றவங்க இருப்பீங்க. வேலை செய்துட்டு வர்றவங்களும் இருக்கலாம். முதல் வகுப்பு தவறிப்போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்றார்.

  கண்டிகைப் பெண் எழுந்தாள்.

"யாரும் தவற விட மாட்டோம் மேடம். எட்டே முக்காலுக்கெல்லாம் வந்துடுவோம்."

"நீ எந்த ஊரும்மா?"

"கே.ஜி.கண்டிகை மேடம்."

"வீட்டுல ஏதாவது வேலைக்கு உதவி பண்றியா?"

"இல்ல மேடம். படிப்பு மட்டுந்தான்."

சொல்லும்போது கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்திருந்த மூலையிலிருந்து அந்த விரல்கள் தெரிந்தன. உட்காரும்போது என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தாள். நம் பக்கத்துக்கு ஒரு புள்ளி எடுத்துவிட்டேன் பார்த்தாயா அக்கா என்கிற மாதிரி. அவள் சொன்னதைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதினேன். என் வேலை அதுதான்.

பிறகு முதல்வரும் ஆசிரியர்களும். மேடம் வரைவிலிருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்து, கடைசியாக என் கேள்விக்கு வந்தார். முதல்வர் மிகவும் யோசிப்பதுபோல நெற்றியைச் சுருக்கினார்.

"நாங்க எல்லாமே விதிப்படிதாங்க மேடம். தனியா எதுவும் பண்றதில்ல."

"மாணவர்களுக்காகச் சின்னதா ஏதாவது? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அப்டி எதுவும் இல்லீங்க மேடம்."

என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துவிட்டது. "மேடம், இங்கே மதிய இடைவேளையில்…"

அறை முழுக்க என் பக்கம் திரும்பியது. பாவா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலையை ஆட்டவில்லை, கண்ணால் ஜாடை காட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மேடம் அடுத்துக் கேட்கப்போவது வருகைப் பதிவேட்டைத்தான் என்று எனக்குத் தெரியும். 'எப்படி அளப்பது?' என்று அவர் எழுதாத தாள் அந்த ஒன்றுதான். அதிலும் 'சான்று' என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன்.

"மதிய இடைவேளையில் என்ன?" என்றார் மேடம்.

"மாணவர்கள் நூலகத்தைப் பயன்படுத்துவதைப் பார்த்தேன் மேடம்."

"ஆங், ஆங், ஃபுல்லா இருக்குங்க லைப்ரரி," என்றார் முதல்வர் அவசரமாக. பாவா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது வேனில் மேடம் முன்னிருக்கையிலிருந்து கேட்டார்: "நல்ல ஒழுங்கான காலேஜு. ஆனா உன் கேள்விக்கு மூணு இடத்துலயும் பதில் இல்லையே. எதை நினைச்சும்மா எழுதின?"

"பொதுவாகத்தான் மேடம்."

 முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வழி விடாமல் வெகுதூரம் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

இதோடு முடிந்திருந்தால் ஒரு கேள்வி போனது என்று விட்டிருப்பேன். அடுத்த கூட்டத்தில் கேள்வியை நீக்கினார்கள். களத்தில் எங்கும் சான்று கிடைக்கவில்லை என்பது காரணம். அதன் இடத்தில் வேறொன்று வேண்டுமே. உறுப்பினர் ஒருவர் முதல் வகுப்பு வருகையை வைக்கலாம் என்றார். பிள்ளைகளுக்குப் படிப்பில் பிடிப்பு இருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும், அளப்பதும் சுலபம், விரல் ரேகைக் கருவி வைத்தால் யாரும் ஏமாற்றவும் முடியாது. கிராமத்துக் கல்லூரிகளுக்கு இது சாத்தியமா என்று இன்னொருவர் சந்தேகப்பட்டார். அதற்கு முதலாமவர் என் குறிப்பை எடுத்துப் படித்தார். எல்லைப்புறத்துச் சின்னக் கல்லூரி, வெளியூர்ப் பிள்ளைகள், ஆனாலும் முதல் மணிக்கு ஒரு பெஞ்சுகூடக் காலியில்லை. "அவங்களால முடியுதுன்னா மத்தவங்களால ஏன் முடியாது?"

நான் எழுந்து, அந்த ஒரு நாள் வருகையை வைத்து முடிவு செய்யக் கூடாது என்றேன்.

"ஏன்? உங்க குறிப்புதானே இது?"

"மற்ற நாட்களில் அப்படி இருக்காது."

"எப்படித் தெரியும்?"

"நான் அந்த ஊர்க்காரி."

"அதனாலதான்மா உன் சொல்லை எடுத்துக்க முடியாது," என்றார் மேடம், கோபமில்லாமல். என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

புதிய அளவுகோல்கள் அச்சாகி வருவதற்கு முன்பே முதல்வர் விரல் ரேகைக் கருவி வாங்கி வாசலில் மாட்டிவிட்டார். குழு பாராட்டிவிட்டுப் போன கல்லூரி, மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டாமா? பாவா ஒரு நாள் அவரிடம் போய், அவர்கள்தான் போய்விட்டார்களே, மதியத்தில் மறுபடியும் ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். "தாராளமா நடத்துங்க சார், யார் வேணான்னது? வருகைதான் மெஷினு போட்டுக்குது," என்றாராம். சாமான் அறையிலிருந்து கரும்பலகையைப் பாவாவே தூக்கிக்கொண்டு வந்தார். முதல் வாரம் பிள்ளைகள் வந்தார்கள். வந்து பாடம் கேட்டாலும் பதிவேட்டில் காலை மணி விடுபட்டதாகவே நின்றது. விடுபட்ட மணியைச் சரிக்கட்ட முடியாதென்றால் சாப்பாட்டு நேரத்தை ஏன் கெடுத்துக்கொள்வது? ஒவ்வொருவராக நின்றார்கள். நகரிப் பிள்ளைகளில் சிலர் ஆந்திரப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு மாறினார்கள். மாற முடியாதவர்கள் வீட்டோடு நின்றார்கள். கண்டிகைப் பெண் சில நாள் பூப்பறிக்காமல் காலையிலேயே வந்து பார்த்தாள், அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. பருவத் தேர்வுக்கு வருகை போதாதவர்கள் பட்டியலை ஒட்டியபோது அவள் பெயரும் இருந்ததாகப் பாவா சொன்னார். அக்கா கேட்டாள், "நீங்க யார்கிட்டயாவது பேசக் கூடாதா?" பாவா, "யார்கிட்ட?" என்றார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. ஆனால் அந்த அறையில் நானும் இருந்தேன்.

அவளை நான் மறுபடியும் பார்த்தது ஆடிக் கிருத்திகையன்று. அன்றைக்கு எங்கள் ஊரில் நடக்கவே இடமிருக்காது. மலையடிவாரம் முழுக்கப் பூக்காவடியும் அரோகராவுமாக இருந்தது. சாலையோரத்தில் மூங்கில் நட்டுத் தார்ப்பாய் கட்டிய தற்காலிகக் கடைகளில் பூவைக் குவித்து வைத்துக் காவடிக்குக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒன்றில் சாமந்திக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் முதலில் பார்த்தாள்.

"அக்கா, காவடியா? வேண்டுதலா?"

"இல்ல. சும்மா வந்தேன்."

"கிருத்திகைக்கு சும்மா வர்ற ஒரே ஆளு நீங்கதான்." ஒரு முழம் மல்லியைக் கிள்ளி நீட்டினாள். "வெச்சிக்கோங்க. இது நாங்க பறிச்சது."

வாங்கி வைத்துக்கொண்டேன். "படிப்பு?" என்றேன்.

"தனியா பணம் கட்டி பரீட்ச எழுதலாம்னு சொல்றாங்க. பாக்கணும்." கை பூவைக் கட்டிக்கொண்டே இருந்தது. "அன்னிக்கி நல்லா பேசினேனாக்கா? அந்த மேடம் எதனா சொன்னாங்களா?"

"நல்லா பேசுச்சின்னு சொன்னாங்க."

சந்தோஷப்பட்டாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "அக்கா, ஒரு டவுட்டு. சார் பாதியில வுட்டுட்டாரு. பேங்குல செக்கு போட்டுட்டோம், இன்னும் வரவாகல. அத்த கூட்டணுமா, கழிக்கணுமா?"

சுற்றிலும் மேளம். யாரோ ஒருவர் என் தோளுக்கு மேலே கையை நீட்டி அவளிடம் மாலை விலை கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பதில் தெரியும். தெரிந்த எதையும் உடனே சொல்லிவிடுகிற ஆள் நான்.

"கழிக்கணும்," என்றேன்.

"நானும் அத்ததான் நெனச்சேன்," என்று தலையாட்டிவிட்டு வாடிக்கையாளர் பக்கம் திரும்பினாள். கூட்டம் என்னை நகர்த்திக்கொண்டு போய்விட்டது.

சாயங்காலம் அக்கா வீட்டில் பாவாவிடம் சொன்னேன். அவள் இன்னும் அந்தப் பாடத்தை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதைத்தான் சொல்ல நினைத்தேன். அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"நீ இன்னா சொன்ன?"

"கழிக்கணும்னு."

"ரொக்க ஏட்டு மீதியிலருந்து ஆரம்பிச்சா கழிக்கணும். பாஸ் புக்கு மீதியிலருந்து ஆரம்பிச்சா கூட்டணும். எதிலருந்து கேட்டா?"

"அத கேக்கல பாவா."

"அத்த கேக்காம எப்டி சொன்ன?" திட்டவில்லை. வகுப்பில் கேட்பதுபோலத்தான் கேட்டார். பிறகு டிவியைப் போட்டார். அதில் காலையில் நான் பார்த்த கூட்டத்தையே காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு மலையடிவாரத்துக்குப் போனேன். கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூங்கில்கள் ஒரு பக்கம் கிடந்தன. நகராட்சி ஆட்கள் மிதிபட்ட பூவை மண்வெட்டியால் வாரி டிராக்டரில் போட்டுக்கொண்டிருந்தார்கள், வாடை குப்பென்று வந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு அம்மா தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார். கண்டிகைப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தப் பொண்ணா? பூவு தீந்துபோச்சு, காலைலயே பூட்ச்சே. எதனா பாக்கியா?"

"இல்லீங்க. ஒன்னு சொல்லணும்."

"இன்னான்னு சொல்லு, பாத்தா சொல்றேன்."

ரொக்க ஏடு, பாஸ் புக்கு, எதிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்பதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்லி அனுப்புவது? ஒன்றுமில்லை என்றேன். அவர் தார்ப்பாயின் இன்னொரு முனையைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். மடித்து முடிக்கும்வரை இருந்துவிட்டு, சென்னைக்குப் போகும் மதிய ரயிலுக்கு நடந்தேன்.